மாதம் ஒரு மில்லிமீற்றர்

நாற்பத்தொரு வயதில் பல்லுக்குக் கம்பி.
சங்கானைத் தபாற்கந்தோரில்
கண்ணாடித் துளைக்குள்ளால் முத்திரை நீட்டும்போது
முதற்கிழமை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தேன்.
சங்கானை என்றே சொல்ல வராது.
சண்டிலிப்பாய், சுழிபுரம், சித்தன்கேணி:
சுற்றியிருக்கிற ஊரெல்லாம்
ஏன்தான் இந்த எழுத்தில் தொடங்கித் தொலைத்தனவோ.
பதிவுத்தபால் எடுக்க வந்தவர் கேட்டார்,
"வாய்க்குள்ள என்ன பிள்ளை, புழுக்கொடியலோ?"

செவ்வாய்தோறும் கிளினிக்.
பெரியாஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பதினேழாம் இலக்கம்.
பதினாறு, குருநகர் டிலக்சன், ஒன்பது வயது.
அண்ணாந்து வாயைத் திறந்து காட்டினான்:
அண்ணத்தின் நடுவே சின்னத் திருகாணி.
படுக்கமுன் தாய் ஒரு சாவியால்
கால் சுற்றுத் திருப்புவாவாம்.
"நோகாது அன்ரி, தும்மல் வாறமாதிரி இருக்கும்."
அவனுடைய எலும்பு இன்னும் முடிவெடுக்கவில்லை.
நடுவில் ஒரு கோடு
வேலி அடைக்காத காணிபோலத் திறந்து கிடக்கிறது.

என் வேலி எப்போதோ அடைபட்டது.
எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்து
டொக்டர் மயூரதி சொன்னா:
"உங்களுக்கு அகலமாக்கேலாது.
மேல இரண்டைப் பிடுங்கித்தான் இடம் எடுக்கோணும்.
முரசு நல்லாயிருந்தால்
எந்த வயதிலும் பல் நகரும்.
மாதம் ஒரு மில்லிமீற்றர்.
சில மாதம் அதுவும் இல்லை."

பத்தாம் வகுப்பு ஷாகித்தியாவுக்குக்
கருநீல ரப்பர் வளையங்கள். நிறம் தானே தெரிந்தாளாம்.
கன்னம் கிழிபடுகிற இடத்தில்
மெழுகை உருட்டி ஒட்டக் காட்டித் தந்தாள்.
"நல்லூரில இருபத்தஞ்சு நாளும்
கச்சான் கடையளைப் பார்த்துக்கொண்டே நடந்தனான்,"
என்றாள், தவம் முடித்தவள் மாதிரி.

எங்கள் கந்தோர் நிரூபனுக்கு மாசியில் கலியாணம்.
அவர் தனியாரிடம் போய்
கண்ணுக்குத் தெரியாத உறை போட்டிருக்கிறார்,
இரண்டு கிழமைக்கு ஒன்றாக மாற்றுவது.
தேத்தண்ணி குடிக்கக் கழற்றி
காற்சட்டைப் பைக்குள் வைப்பார்.
விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.
வாங்கின் அந்தத்தில்
ஓய்வுபெற்ற வங்கிக்காரர், அறுபத்துமூன்று.
முன்பல் விசிறிபோல விரிந்துபோனது.
முதலில் முரசைச் சுகப்படுத்திக்கொண்டு வரச்சொல்லி
மூன்றாந்தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
"மயிர் போச்சு. பல்லையாவது நேராக்கிப் பாப்பம்."

இது எனக்கு முதற்தரம் இல்லை.
பதினொரு வயதில் ஒரு பிளேட் இருந்தது,
ரோசா நிறம், கழற்றிப் பூட்டுவது.
தொண்ணூற்றைந்து ஐப்பசி, மழை.
ஒலிபெருக்கி ஒழுங்கையால் கத்திக்கொண்டு போக
அம்மா அரிசியையும் உறுதிகளையும்
தையல் மெஷினின் தலையையும் சைக்கிளில் கட்டினா.
நாவற்குழிப் பாலத்தில், சனத்துக்குள் நசிபட்டபடி,
நாக்கு மேலே தடவிப் பார்த்தது.
வெறும் அண்ணம்.
பிளேட் குசினி யன்னலில்
தண்ணீர்க் குவளைக்குள் கிடந்தது.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை.
அந்த நேரம் அதையா சொல்வது.
ஆறு மாதத்தின்பின் நாங்கள் வந்தோம்.
யன்னலும் இல்லை, சுவரும் அரைவாசிதான்.
பற்களோ எங்களுக்கு முன்னமே
தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன.

"கம்பி கழற்றின பிறகு, டொக்டர்?"
"பிறகு இரவில ஒரு பிளேட்."
"எவ்வளவு காலத்துக்கு?"
"பல்லிருக்குமட்டும்.
விட்டால் அதுகள் வந்த வழியே போயிடும்."
தலையாட்டினேன்.
குவளைக்குள் மட்டும் வைக்கமாட்டேன் என்று
அவவிடம் சொல்லவில்லை.

"பதினேழு!" புது நேர்ஸ், புதுக் கொப்பி.
"பேர்?"
"சுபாஜினி."
"துபாஜினியோ?"
"சு," என்றேன். எச்சில் தெறித்தது.
"சு, சு."
டிலக்சன் வாங்கிலிருந்து எழும்பிக் கத்தினான்:
"சு, மிஸ்! சுண்டங்காய்க்கு வாற சு!"
அவன் வாய்க்குள்ளும் அது தும்மலாய்த்தான் வந்தது.