ஓஹ்ரிட்டுக்குப் பத்துப் புள்ளி

மாக்லாய் தாண்டியதும் சாலையோரம்
கார் கழுவும் கொட்டகை, என்னுடையது.
நூறடி வடக்கே ஒரு பலகை:
டோபோய், ஒரே ஊர், இரண்டு லிபியில்.
மேலே இருப்பதன்மேல் யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.
எதிர்த்திசைப் பலகையில்
கீழே இருப்பது போயிருக்கிறது.
இரண்டையும் சேர்த்துப் படித்தால்
எப்படியோ போய்ச் சேரலாம்.

வண்டிகளின் எண்பலகையோ வாயே திறக்காது.
போருக்குப் பிறகு அப்படித்தான் செய்தார்கள்.
இரு லிபியிலும் ஒரே உருவமுள்ள
ஏழே எழுத்து: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி.
எந்த ஊர் வண்டிக்கும் எது வேண்டுமானாலும் விழும்.
நல்ல யோசனை. குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும்
சக்கர வளைவுக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால்
ஹெர்ஸெகோவினா சிவப்பாய் இறங்கும்,
துஸ்லா கரித்தூளாய்.
எண்பலகையைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டத்தில்
கார் விற்ற கடையின் ஊர்ப்பெயர் இருக்கும்.
சிலர் அதையும் உடைத்து எடுத்திருப்பார்கள்;
துடைக்கும்போது விளிம்பு கையைக் கீறும்.
நான் எதுவும் சொல்வதில்லை.
"மெழுகு போடவா?" என்று மட்டும் கேட்பேன்.

ஸெனிட்சாவில், நாலாம் மாடி பால்கனியில்,
எனக்கு ஏழு வயது, மிர்ஸாதாவுக்கு ஒன்பது.
ஜூலையில் வண்டிகள் கடலுக்குப் போகும்.
முன்னால் ஊரின் இரண்டெழுத்து, அப்புறம் சிவப்பு நட்சத்திரம்.
சரயேவோவுக்குப் புள்ளியே கிடையாது, ஈ மாதிரி மொய்க்கும்.
பெல்கிரேடு ஒன்று.
லுப்லியானா மூன்றா நாலா என்று முடியைப் பிடித்துச் சண்டை.
ஓஹ்ரிட்டுக்குப் பத்து.
ஐந்து கோடை காத்திருந்துவிட்டு
ஓஹ்ரிட்டில் யாரிடமும் காரே இல்லை என்று
தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

பிறகொரு வசந்தத்தில்
சாலையை மறித்து நின்றவனும் அதே ஆட்டம் ஆடினான்.
அப்பாவின் முகத்தைப் பார்க்குமுன்
குனிந்து எண்பலகையைப் படித்தான்.
எத்தனை புள்ளி போட்டான் என்று தெரியாது.
வண்டி திரும்பவில்லை.
அப்பா வந்தார், பதினோரு நாள் கழித்து,
ஷூ இல்லாமல்.

மிர்ஸாதா இப்போது ஸ்வீடனில் பஸ் ஓட்டுகிறாள்.
அங்கேயும் எண்பலகை ஊரைச் சொல்லாதாம்.
யாருக்கும் பயந்து அல்ல,
சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்றாள்.
அன்று முழுக்க வாளியும் கையுமாக
அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று, கடை மூடும் நேரம்,
ஒரு சாம்பல் நிற ஸ்கோடா.
மாசிடோனிய வண்டி.
ஓ. எச்.
குழாய் கைநழுவி விழுந்து
தண்ணீர் இருவர் காலையும் நனைத்தது.
"ஏதாவது பிரச்சினையா?"
அவர் கை தானாகக் காகிதங்களைத் தேடிப் போனது.
"இல்லை, இல்லை. நீங்கள் பத்துப் புள்ளி."
அவருக்குப் புரியவில்லை.
பணம் வேண்டாம் என்றதும்
இன்னும் பயந்து போனார்.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.
நள்ளிரவில் பதில் வந்தது:
"செல்லாது.
நின்ற வண்டிக்குப் புள்ளி கிடையாது,
மறந்துவிட்டாயா?"