கைநாட்டு

ரேஷன் கடை மெஷின்
மூன்றாம் தடவையும் சிவப்பாய் எரிந்தது.
"விரலைத் தொடச்சிட்டு வைம்மா."
துடைக்கத் துடைக்க
உதிர்ந்தது விரல்தான்.

வஞ்சிரம் வெட்டிக் கொடுத்தால்
வாங்கிக்கொள்கிறார்கள்.
மீதிச் சில்லறையை மட்டும்
பலகைமேல் வைக்கச் சொல்கிறார்கள்.
மீனில் ஒட்டாதது
காசில் ஒட்டிக்கொள்ளுமாம்.

கருவாடு தின்னாதே என்றாள் ஒருத்தி,
எட்டு வருஷமாய்
என்னிடம் கருவாடு வாங்குகிறவள்.

ஸ்டான்லி, தோல் ஓ.பி.
டாக்டர் பொண்ணு
கையுறை போடாமலே
என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.
அதற்கப்புறம் அவள் சொன்னதில்
பாதி காதில் ஏறவில்லை.

"ஒட்டுற நோய் இல்லக்கா.
மாசக்கணக்குல வளர வேண்டிய தோலு
நாலஞ்சு நாள்ல வந்து நிக்குது."

அது புரிந்தது.
விடியுமுன் ஏலத்தில்
கூடை தரையில் படுமுன்னே
விலை கத்துகிற அவசரம்.
பழுக்காத தோலையெல்லாம்
யாரோ கரைக்குத் தள்ளுகிறார்கள்.

"இது வைட்டமின் டி களிம்பு.
வெயில்ல கெடைக்குதே, அதோட சொந்தக்காரன்.
தோலைக் கொஞ்சம் நிதானமா வளரச் சொல்லும்."

சிரித்துவிட்டேன்.
காசிமேட்டில் குடைகூட இல்லாமல் உட்கார்ந்து
வெயிலைக் காசு கொடுத்து வாங்குகிறவள்
நான் ஒருத்திதான்.
வெயில் வேற, களிம்பு வேறக்கா என்றாள்.
மருந்துக்கடையில் விலை சொன்னான்.
ஒன்றரைக் கிலோ சங்கரா என்று
மனசுக்குள் மாற்றிக்கொண்டேன்.

காலையில் நானே.
பூசின கை காயுமுன்
ஐஸ் பெட்டிக்குள் போகக்கூடாது என்பதால்
தினம் முதல் போணி
பக்கத்துக் கடை டெய்சிக்குப் போகிறது.

ராத்திரி, எனக்கு எட்டாத முதுகுக்கு
அந்தோணி.
ஒரு பட்டாணி அளவு எடுத்து
வட்டம் வட்டமாய்த் தேய்ப்பான்,
வலை ஓட்டை பார்க்கிற மாதிரி
ஒன்றும் பேசாமல்.
முடிந்ததும் எழுந்துபோய்
சோப்புப் போட்டுக் கை கழுவுவான்.

கழுவச் சொல்லி
அட்டையிலேயே போட்டிருக்கிறது.
படித்துக் காட்டியதே நான்தான்.
இருந்தாலும்
குடத்திலிருந்து மொண்டு ஊற்றும் சத்தம்
நிற்கிறவரைக்கும்
கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

ஏழாம் வாரம்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
கட்டைவிரலை வைத்தேன்.
பச்சை.
அ. குளோரியா என்று
என் பேரை
என் விரலைக் கேட்டே சொன்னது மெஷின்.

"பாமாயில் தீந்துபோச்சு,
திங்கக்கெழம வா."

வரேன்.
இடது கை
இன்னும் அவசரத்தில்தான் இருக்கிறது.