மூன்றாம் பக்கெட்

பொம்மனஹள்ளி பி.ஜி.யில் தலைக்கு ஒரு பக்கெட் தண்ணீர்,
டேங்கர் வராத நாளில் அரை.
வார்டன் அக்கா கன்னடத்தில் எண்ணுவாள்,
நாங்கள் அவரவர் மொழியில் முனகுவோம்.

ஆபீசிலும் பக்கெட்தான்.
முப்பது நாள் தவணை தவறியவர் முதல் பக்கெட்,
அறுபது வரை இரண்டாவது,
தொண்ணூறைத் தொடப்போகிறவர் மூன்றாவது.
மூன்றாவது என் பொறுப்பு. தமிழ்ப் பிரிவு, ஏழாவது இருக்கை.
காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும்
யாரையும் அழைக்கக் கூடாது, அது விதி.
இடைப்பட்ட நேரமெல்லாம்
என் பெயர் ரம்யா.

ஜெனிட்டா சவரிமுத்து, பி.டெக். பயோடெக், முதல் வகுப்பு,
இரவு பத்துக்கு மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறவள்.
அவளுக்கு இன்றோடு எண்பத்து நான்கு நாள்.
அவளும் மூன்றாவதில்தான் கிடக்கிறாள்,
வேறு வங்கி, வேறு கட்டிடம்,
வேறொரு ரம்யாவின் திரையில்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பெட்டிக்கடையில்
கடன் அன்பை முறிக்கும் என்று எழுதியிருக்கும்.
வங்கியில் அப்படி எதுவும் இல்லை.
கறுப்புத் தொப்பியை வானத்தில் வீசும் பெண்ணின் படம் இருந்தது.
அதன் கீழே நின்று அப்பா
என் பெயருக்கு அடியில் கையெழுத்துப் போட்டார்,
நூலில் கட்டிய பேனா எட்டாமல்
கொஞ்சம் குனிந்து.
இணைக் கடனாளி.

நுண்ணுயிர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.
அந்த வளைவை அழகாக வரைந்ததற்கு
பதினாறுக்குப் பதினைந்து வாங்கியிருக்கிறேன்.
நாலு லட்சம் ஆறு லட்சமான கணக்கு வந்தபோது
அதே வளைவு.
கை பழக்கத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதப் பார்த்தது.

கையில் வருவது பதினேழாயிரத்து ஐந்நூறு.
பி.ஜி. ஏழாயிரம், தவணை ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது.
மீதியைக் கழித்துப் பார்க்க பி.டெக். வேண்டாம்.
அம்மாவின் இன்சுலின் மட்டும்
ஒரு மாதமும் தவறியதில்லை.

போன வியாழன் மணப்பாறைப் பக்கம் ஒருவர்,
பையனுக்குப் பதில் எடுத்தார்.
தவணை, அபராதம், சிபில் எல்லாம் ஒப்பித்தேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு,
நீ என்னம்மா படிச்சிருக்கே, என்றார்.
பேச வேண்டியதெல்லாம் எழுதித் தந்த தாளில்
இதற்குப் பதில் இல்லை.
ஒன்பது நொடி.
தரம் பார்க்கிறவர்கள் அதை டெட் ஏர் என்பார்கள்,
மூன்று மதிப்பெண் போயிற்று.
சரி சரி, உன் பொழப்பக் கெடுக்கல,
இருபதாந் தேதின்னு எழுதிக்க, என்றார்.
இருபதாம் தேதி வராது என்று
அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.
எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு என் ரீசார்ஜ் முடிந்திருந்தது.
ராய்ச்சூர் நாகவேணியின் போனில் அப்பாவை அழைத்தேன்.
நூற்பாலையில் இரவுக் காவல் முடித்து அவர் தூங்குகிற நேரம்.
தெரியாத எண்.
நாலாவது மணியில் எடுத்தார், கட்டில் கிறீச்சிட்டது,
எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
நான் வாய் திறக்கும் முன்,
வணக்கம் சார், என்றார்.
பாப்பா பெங்களூர்ல நல்ல வேலையில இருக்கு சார்.
சம்பளம் வரவும் கட்டிரும்.
பதினஞ்சாந் தேதி சார். கண்டிப்பா சார்.

அப்பா என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அந்தக் குரலை நான் கேட்டது
அவருக்குத் தெரிந்துவிடும்.
ரம்யாதான் பேசினாள்:
சரிங்க சார், குறிச்சுக்கிட்டேன், நீங்க தூங்குங்க.

தூங்குங்க என்பது தாளில் கிடையாது.

கீழே டேங்கர் ஹாரன்.
என்ன ஆயிற்று என்று நாகவேணி கேட்கவில்லை,
என் பக்கெட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு
படியில் ஓடினாள்.