தட்டிப் பார்த்தல்

பதினோரு வருசம்
புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணையில்
விளக்குப் பெட்டிக்கு முன்னால் நின்றவள் நான்.
பல்புக்கு மேல் முட்டையை உருட்டினால்
உள்ளே செக்கச் செவேலென்று விடியும்.
மயிரிழை விரிசல் இருந்தால்
வெள்ளை நரம்பாய் ஓடிக் காட்டும்.
நல்லது வலது அட்டைக்கு, கீறல் இடது அட்டைக்கு.
மணிக்கு நாற்பது அட்டை.
கையும் நிற்காது, வாயும் நிற்காது.

சர்க்கரை முதலில் இடக்கண்ணில் புகை போட்டது.
வலக்கண் போனது ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.
ஈரோட்டு டாக்டரம்மா
லேசர் வைத்தார், ஊசி வைத்தார்,
கடைசியில் என் கைமேல் கை வைத்தார்.
அதிலேயே தெரிந்துவிட்டது.

பார்க்க வந்த ஒறம்பரை எல்லாம் சொல்லிவைத்த மாதிரி
"ஒண்ணப் புடுங்குனா ஒண்ணக் குடுப்பானுங்க சாமி" என்றார்கள்.
ஒன்றும் குடுக்கவில்லை.
காதுக்குள் புதன்சந்தை மாடுகள்தான் முட்டிக்கொண்டு நின்றன.
குக்கர், டிவி, ரோட்டில் தீவன லாரி, பக்கத்துவீட்டுச் சண்டை
எல்லாம் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில்
மூஞ்சிமேல் கொட்டின.
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு
ஐப்பசி முழுக்கப் படுத்திருந்தேன்.

"இனிமே காது கூர்மையாகுங்களா?"
"காது அதே காதுதான்" என்றார் டாக்டரம்மா.
"அதுக்குப் பின்னாடி மூளையில ஒரு எடம் இருக்கு.
கண்ணு பக்கத்துல அடங்கிப்போன பொறகு
அது வர்ற சத்தத்த வேற மாதிரி பிரிக்கப் பழகும்."
"நாப்பத்திமூணு வயசுலயுமா?"
"பழகும். எத்தன நாள்னு எனக்குத் தெரியாது."
தெரியாது என்று சொன்னதால் நம்பினேன்.

தை பிறந்து ஒரு சாயங்காலம்
நடையில் என் செருப்புச் சத்தம்
திடீரென்று தடித்தது.
நின்றேன். கை நீட்டினேன்.
ஒரு முழத்தில் சுவர்.

அப்புறம் ஒரு காலை, ஆம்லெட்டுக்கு
இரண்டு முட்டையை ஒரே கையில் அள்ளியபோது
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
ஒன்று கண்ணாடிபோலப் பேசியது.
ஒன்று சளி பிடித்த குழந்தைபோல.
நகத்தால் தடவினேன்: கீறல்.
அடுப்பை அணைத்துவிட்டு
சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பண்ணைக்குச் சம்பூரணம் கூட்டிப் போனாள்.
சூப்பர்வைசர் ஒரு அட்டை வைத்தார், முப்பது முட்டை.
தட்டித் தட்டி மூன்று கீறலை எடுத்தேன்.
இரண்டை விட்டுவிட்டேன்.
எடுத்த மூன்றில் ஒன்று
விளக்கில் நல்லதென்று தேறி வந்தது.
தண்ணீரில் போட்டார். நூல்போலக் குமிழி விட்டது என்றார்கள்.
"சரி, வாங்க" என்றார்
சிரிக்காமல்.

இப்போது மணிக்குப் பன்னிரண்டு அட்டை, அதற்கேற்ற கூலி.
என் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை,
பேசினால் முட்டை கேட்காது என்று.
அது ஒன்றுதான் சங்கடம்.
முன்பு எவ்வளவு கதை பேசினோம்.

நேற்று ராத்திரி
என் வீட்டுக்காரர் நல்லசிவம் சோற்றைப் பிசைந்தபடி
"சொசைட்டிக் கடன் முடிஞ்சுதுடி, நகையை மீட்டாச்சு" என்றார்.
நல்ல குரல், எப்போதும்போல.
கண் இருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்,
முகம் அவருக்கு நன்றாகவே நடிக்க வரும்.
ஆனால் "மீட்டாச்சு" என்பதற்கு முன்னால்
தொண்டையில் ஏதோ விழுங்கினார்,
விரல் தட்டில் நின்றது,
வார்த்தை கொஞ்சம் மந்தமாய் வந்து விழுந்தது.

நான் தட்டவில்லை.
தட்டாமலே கேட்டது.

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்றேன்.
கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்,
வலது அட்டையா
இடது அட்டையா
என்று தெரியாமல்.