பாம்பின் கால்

கழுதையைத் தேடித்தான் கிளம்பினோம்.
விடியவில்லை இன்னும்.
ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கடல்
தன் மூச்சை மட்டும் அனுப்பியிருந்தது:
நமீப் மணல்மேடெங்கும் மூடுபனி,
பால் பொங்கி வழிந்தாற்போல்.

லுக்ரேசியா டவுசாப் முன்னால்,
நாராக் காய் பழுத்ததா என்று
தட்டிப் பார்க்கும் இரும்புக்கம்பியோடு.
நான் பின்னால்.
பனியை வலையில் பிடித்து அளந்து
நோட்டில் எழுதுவது என் உத்தியோகம்.
நேற்றைய காற்றில் வலை கிழிந்தது;
அவள் கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டது.
அவரவர்க்கு அவரவர் நஷ்டம்.

குளம்படி மறைந்த சரிவில்
வேறொரு தடம்.
சாய்ந்த கோடு, சாய்ந்த கோடு, சாய்ந்த கோடு,
ஒன்றையொன்று தொடாமல்,
யாரோ ஏணியைப் பிரித்து
படிகளை மட்டும் போட்டுப் போனதுபோல.

குனிந்து விரலால் இடைவெளி பார்த்தாள்.
"பாரம் சுமந்து போயிருக்கிறது. சூல்."
எப்படித் தெரியும் என்றேன்.
"நாலு பெற்றவள் நான்" என்றாள், நடந்துகொண்டே.

கடைசிப் படியோடு ஏணி முடிந்தது.
மணல். வெறும் மணல்.
அதில் இரண்டு கடுகு.

கண்கள்!
உச்சந்தலையில் கண் வாங்கி வந்த பிறவி;
உடம்பு முழுக்கப் புதைந்தாலும்
வானம் மிச்சமிருக்கும்.
ஒரு சாண்தான் இந்த விரியன்.
இடுப்பை இப்படி அப்படி ஆட்டினால்
மணலே போர்வை.
வாலின் கறுத்த நுனி மட்டும் வெளியே
புழுவாக நெளியும்.
சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நிற்கும் பல்லி
நம்பிப் பக்கத்தில் வரும்.
பல்லிதான் சோறு,
அநேக நாள் பல்லிதான் தண்ணீரும்.

இன்று அது வேட்டைக்கு இல்லை.
போர்வையை உதறி எழுந்து
விலாவை விரித்து
நாடாவாகத் தட்டையானது.
சொரசொரத்த செதில் ஒவ்வொன்றிலும்
ஒரு துளி முளைத்தது.
பிறகு தலையைத் திருப்பி,
தன் முதுகைத் தானே
துளித் துளியாய்க்
குடித்துக்கொண்டே போனது,
வயிற்றிலிருக்கும் வாய்களுக்கும் சேர்த்து.

நோட்டைத் திறந்தேன்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது இதை?

"கடித்தால்?"
"வீங்கும். ரெண்டு நாள் என்னைத் திட்டுவாய்."
கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்:
"முட்டை கிடையாது, குட்டிதான்.
பென்சில் துண்டு மாதிரி விழும்.
விழுந்ததும் புதையும்.
தாய் அந்தப் பக்கம் போய்விடும்,
குட்டிகள் இந்தப் பக்கம்."
அவளுடைய நாலில் மூன்று
வால்விஸ் பேயில், மீன் ஆலையில்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பனி கலைந்தபோது
நாராப் புதருக்குள் தலையை விட்டு
வாயெல்லாம் விதையோடு நின்றது கழுதை.
கேட்கக் கூசும் வசவு நாலு சொல்லி
காதைப் பிடித்து இழுத்து வந்தாள்.

திரும்பும் வழியில் ஏணி இல்லை.
காற்று படிகளை எடுத்துப் போயிருந்தது.
சுற்றுலா ஜீப்புகள் வரும் நேரம்.
லுக்ரேசியா நின்றாள்,
திசை பார்த்தாள்,
இரண்டு கடுகுக்குக் கொஞ்சம் தள்ளி
இரும்புக்கம்பியை ஊன்றினாள்;
தன் சிவப்புத் துணியை அதில் கட்டினாள்.

அன்று பொழுது சாயும்வரை
ஒவ்வொரு காயாகக்
கைமுட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.