வருகையின் நோக்கம்

சுண்டிக்குளத்துக்குப் போகிற பாதையில்
கட்டைக்காடு தாண்டியதும் தார் முடிந்துவிடுகிறது.
பிறகு மணல்தான்.
ரெஜினோல்ட் வானின் வேகத்தைக் குறைத்து
"இனி எல்லாரும் மெல்லமாய் மூச்சு விடுங்கோ,
பாரம் கூடினால் புதையும்" என்றான்.
மச்சாள்மார் மூன்று பேரும் சிரித்தார்கள்.
வான் புதைந்தது.

இறங்கித் தள்ளினோம்.
ஒஸ்லோவிலிருந்து வந்த நிரூபா
நாங்கள் தள்ளுவதைப் படமெடுத்தாள்.

வாசலில் ஒரு தகரக் கொட்டில்.
மேசை, கயிறு கட்டிய பேனை, நீளக் கொப்பி.
பெயர். ஊர். வாகன இலக்கம். வந்த நேரம்.
வருகையின் நோக்கம்.

முதல் நான்கையும் ஓடி எழுதினேன்.
ஐந்தாவதில் பேனை நின்றது.
எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதியிருந்தார்கள்:
ஆராய்ச்சி. ஆராய்ச்சி. சுற்றுலா.
ஒருவர், இரண்டு வரியை அடைத்து, 'கடமை'.

கொப்பிகளில் நான் கெட்டிக்காரி.
பத்தொன்பது வயதில்
ஒவ்வொரு கொப்பிக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்:
சோதனை எழுத.
பல்லுப் பிடுங்க.
மாமாவின் செத்தவீடு.
அது இரண்டு தரம், ஒரே மாமா.
காரணம் இல்லாமல்
ஒரு மதகைக்கூட நான் கடந்ததில்லை.

"எழுதுங்க, இல்லாட்டி விடுங்க"
என்றார் காவலர் ஹேமசிறி.
"வெயில் ஏறினா பறவை தூரப் போயிடும்."
விட்டுவிட்டேன்.

தண்ணீர் தொடங்குகிற இடம் தெரியவில்லை.
உப்புச் சேறு, பிறகு மினுக்கம், பிறகு வானம்;
நடுவில் கோடு போட ஒருவரும் மினக்கெடவில்லை.
கூழைக்கடாக்கள் சங்கக்கடை வாசலில் போல
வரிசையாய், பையைத் தொங்கவிட்டபடி.
பவளக்காலிகள் சேற்றைத் தைத்துக்கொண்டே போயின.
வயிறு இழுபட்ட தடம் ஒன்று கரையில் கிடந்தது.
முதலை என்றார் ஹேமசிறி.
வள்ளம் என்றான் ரெஜினோல்ட்.
இருவரும் கடைசிவரை இறங்கி வரவில்லை.

பற்றைக்குள்ளிருந்து ஓர் ஆள்காட்டி எழும்பிக் கத்தியது.
நாங்கள் ஐந்து பேரும்
அந்த இடத்திலேயே நின்றோம்.
நிரூபா மட்டும் நடந்துகொண்டிருந்தாள்.
அவள் நாட்டை விட்டுப் போகும்போது வயது இரண்டு.

பூநாரைகள் வெகுதூரத்தில்.
தோய்த்துத் தோய்த்து நிறம் போன
சேலைக் கரைபோல் ஒரு கோடு.
"இவ்வளவுதானா?" என்றாள் இளைய மச்சாள்.
தொலைநோக்கி ஒன்று, ஆட்கள் ஆறு.
என் முறை வந்தபோது எனக்கு அகப்பட்டது பறவையில்லை,
இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதர்.
தோளில் வலை, கழுத்தில் கட்டிய பறி.
நிமிர்ந்தார். நேரே என்னைப் பார்த்தார்.
கையைத் தூக்கினார்.
நானும் தூக்கினேன்.
அவ்வளவு தூரத்தில்
அவருக்கு நான் என்னவாய்த் தெரிந்திருப்பேன்?
கரையில் நிற்கிற ஏதோவோர் இனம்,
ஆறு உருப்படி, சத்தம் கூட.

அப்போதுதான் அவருக்குப் பின்னால்
அந்தக் கோடு எழும்பியது.
மடித்து வைத்திருந்த சிவப்பையெல்லாம்
ஒரே தரத்தில் உதறி,
ஓரத்துக் கறுப்பும் தெரிய.
மச்சாள் என் கையிலிருந்து தொலைநோக்கியைப் பறித்தாள்.
தேவையிருக்கவில்லை. தலைக்கு மேலால்தான் போயின.
கழுத்தும் காலும் நீட்டி,
எது முன், எது பின் என்று தெரியாமல்.
நிரூபா படமெடுக்க மறந்துபோனாள்.
அந்த மனிதர் திரும்பியும் பார்க்கவில்லை.
பறிக்குள் கைவிட்டு
இறாலை எண்ணிக்கொண்டிருந்தார்.

இடியப்பத்தில் எறும்பு ஏறியிருந்தது.
ஊதிச் சாப்பிட்டோம்.

திரும்பும்போது, போகும் நேரம் எழுதவேண்டுமாம்.
கொப்பியைத் திறந்தேன்.
நான் வெறுமையாய் விட்ட கட்டத்தில்
வேறொரு கையெழுத்து.
படித்துப் பழகிய தமிழில், உருண்டை உருண்டையாய்:
'சுமமா'.

ஹேமசிறி வெளியே
வானின் சில்லுக்குக் கீழே
ஓலை போட்டுக்கொண்டிருந்தார்.
நடு எழுத்துக்குப் புள்ளி வைக்கப் பேனையை எடுத்தேன்.
கயிறு எட்டியது.
வைக்கவில்லை.
நேரத்தை மட்டும் எழுதினேன்:
பன்னிரண்டு பத்து.