ஒரு முறைதான் கேட்கும்

ஐந்து ரோட்டுக் கடைக்காரர்
விண்டோஸை மறுபடி ஏற்ற எண்ணூறு ரூபாய் என்றார்.
ஏற்றினாலும் ஆறு மாதம் ஓடினால் அதிகம் என்றார்.
அரசு முத்திரை பாதி உரிந்த மடிக்கணினியை
என் பக்கமே தள்ளினார்.

கடைசி பஸ்ஸில் ஏற்காடு திரும்பும்போது
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் முடிவெடுத்தேன்:
லினக்ஸ் போட்டுவிடலாம்.
தபால் ஆபீஸ் ஜெரால்டு போன வாரமே
ஒரு பென்டிரைவும் ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருந்தான்.
"அக்கா, வட்டு முழுசையும் அழிக்கவான்னு கேக்கும்.
ஒரு தடவைதான் கேக்கும்."

தாலுகா ஆபீஸ் எதிரில் என் கடை.
மனு தட்டச்சு, ஜெராக்ஸ், லேமினேஷன்.
ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
மீதிப் பாதி வழியாக மேகம் வந்து
ஸ்டூலில் உட்கார்ந்தது.
பதினோரு வருஷத்து மனுக்களை
இன்னொரு பென்டிரைவில் ஏற்றி
ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன்.
சாதிச் சான்று, பட்டா மாறுதல்,
காட்டெருமை மிதித்த மிளகுக் கொடிக்கு நஷ்டஈடு,
கொட்டச்சேட்டுக்கு மினி பஸ்.
எல்லாம் சேர்ந்து சுண்டுவிரல் அளவு.

கேட்டது.
அழி என்றேன்.

பிறகு ஊரைக் கேட்டது.
வரைபடத்தில் எங்கள் மலை இருக்கும் இடத்தைக்
கவனமாகத் தொட்டேன்.
கொல்கத்தா என்று எழுதிக்கொண்டது.
கொஞ்சம் தள்ளித் தொட்டேன்.
கொல்கத்தா.
சரி. நான் சொல்வது ஒன்று, அங்கே பதிவாவது ஒன்று.
தாலுகா ஆபீஸ் எதிரில் இருப்பவளுக்கு
இதில் என்ன புதுசு.

அறுபத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி நாற்பது நிமிஷம் தாங்கும்,
சில நாள் நான்கு.
கோடு நீள்வதையும் பேட்டரி சுருங்குவதையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"யாரது, அமலோற்பவமா?"
சாலையிலிருந்து ஒரு டார்ச் கேட்டது.
ஆமா என்றேன். டார்ச் போய்விட்டது.
தொண்ணூற்றொன்றில் கரண்ட் வந்தது.

புதுத் திரை
ஆள் குடிவராத வீடு போலிருந்தது.
பழைய மனு ஒன்றைத் திறந்தேன்.
அய்யா என்று தொடங்க வேண்டிய இடத்தில்
ma;ah என்றிருந்தது.
பாமினி எழுத்துரு போய்விட்டது.
கீழே பக்கம் பக்கமாக
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.
இத்தனை வருஷம் தமிழில் கெஞ்சியதெல்லாம்
அடியில் இப்படித்தான் இருந்திருக்கிறது.

பதறி ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
செம்மநத்தம் சேர்வராயனின் மூன்று மனுக்கள்.
மலையின் பெயர்தான் அவருக்கும்;
அந்த மலையில் நாற்பது சென்ட்டுக்குப் பட்டா இல்லை.
ஓர் எழுத்தும் புரியாததால்
கண் எண்களில் போய் நின்றது.
எண்கள் மட்டும் மாறாமல் இருந்தன.
மேலே, பொருள் வரியில், 47/2.
கீழே, கோரிக்கையில், 74/2.
இரண்டாவது மனு முதலாவதின் நகல்,
தேதியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.
மூன்றாவதும்.

மறுத்த கடிதத்தில் 'விவரம் முரண்' என்று இருந்தது.
நானும் அவரும் அதை
லஞ்சம் என்று படித்துக்கொண்டோம்.
டீக்கடையில் நின்று திட்டினோம்,
நான் கொஞ்சம் அதிகமாகவே.
தமிழாக இருந்தவரை
என் வாக்கியங்களைத்தான் பார்த்திருக்கிறேன்,
நல்ல வாக்கியங்கள் அவை.

காலையில் ஜெரால்டு வந்து எழுத்துருவை ஏற்றினான்.
இரண்டு நிமிஷ வேலை.
அய்யா அய்யாவாக வந்தார்.
74 அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை சேர்வராயன் வந்தார்,
உரப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு,
முழங்கால் வரை ஈரம்.
நகல் எடுக்காமல் முதல் எழுத்திலிருந்து அடித்தேன்.
எண்ணை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.
நாற்பத்தேழு, என்றார், பை ரெண்டு.
அவருக்கு அது மனப்பாடம்.

முப்பது ரூபாயை நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
ஏம்மா என்றார்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"சிஸ்டம் மாத்தியாச்சு" என்று வந்தது.

"மாறிடுச்சா?" என்றவர்
எதிரே தாலுகா ஆபீஸைத் திரும்பிப் பார்த்தார்,
ரொம்ப நேரம்.

லேமினேஷன் மெஷினைப் போட்டேன்.
குளிருக்கு அது சூடாக நேரமாகும்.